ஊர்ப்பெயர் பெற்ற ஆங்கிலச் சொற்கள்

ஆங்கில மொழியில் ஊர்ப்பெயர்கள் பல சாதாரணச் சொற்களாய் வழங்குகின்றன. அவற்றுள் நம் நாட்டு ஊர்களும் சில இடம் பெற்றிருத்தல் கண்டு நம்மிற் சிலர் பெருமிதங் கொள்வர். கோழிக்கோடு 'காலிகோ' ஆயிற்று. காசுமீரம் 'காஷ்மியர்' என்னும் மென்கம்பளி ஆயிற்று. வங்காளத்தின் பெயரால் 'பங்களா' எழுந்தது. நம் சென்னையும் 'மெட்ராஸ்' என்னும் பெயரோடு ஒருவகைக் கட்டத்துணியைக் குறித்து நிற்கின்றது. இலக்கிய மன்றங்களிற் பேசுவோர் இவற்றை அடுக்கிக் கூறி, உலக மொழியில் நம் ஊர்கள் நிலைபெற்றுவிட்டன என்று முடிக்குங்கால் அவையோர் கைகொட்டுதலும் உண்டு. யாமோ அங்ஙனம் கைகொட்ட ஒருப்படுகின்றிலோம்.

என்னை? ஓர் ஊரின் பெயர் பிறமொழியிற் சொல்லாய் மாறுங்கால் அம்மாற்றத்தைச் செய்வோர் அவ்வூரார் அல்லர். வாங்க வந்தவரும், போரிட வந்தவரும், வேடிக்கை பார்க்க வந்தவருமே அதனைச் செய்கின்றனர். ஆதலின் அச்சொல் ஊரைப்பற்றிக் கூறுஞ் சான்று சிறிது. சொன்னவரைப்பற்றிக் கூறுஞ் சான்றே பெரிது என்பது எம் கருத்து. அதனைச் சில சொற்களைக்கொண்டு காட்டுவோம்.

முதற்கண் வான்கோழியை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலர் அதனை 'டர்க்கி' என்று துருக்கி நாட்டின் பெயரால் அழைப்பர். அந்நாட்டுக்கும் அப்பறவைக்கும் பிறப்புத் தொடர்பு யாதும் இல்லை. அது வட அமெரிக்காவின் பறவை. மெக்சிகோவிலிருந்து இசுப்பானியர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிற்குக் கொண்டுசென்றனர். அதற்கு முன்னரே ஆப்பிரிக்கக் கினிக்கோழி துருக்கி வணிகர் வழியாக ஆங்கிலரை அடைந்து அந்நாட்டுப் பெயரைப் பெற்றிருந்தது. பின்வந்த புதுப்பறவையையும் அதனோடு மயங்கி அப்பெயராலேயே அழைத்துவிட்டனர். வேடிக்கை இவ்வளவில் முடிந்திலது. துருக்கியரோ அப்பறவையை 'ஹிந்தி' என்று நம் நாட்டின்மேல் ஏற்றுகின்றனர். பிரெஞ்சு மொழிப் பெயரும் இந்தியாவிலிருந்து வந்தது என்னும் பொருள்பட அமைந்ததே. போர்ச்சுகேசியர் 'பெரு' என்பர். ஒல்லாந்தர் 'கல்கூன்' என்பர். அதன் பொருள் கோழிக்கோட்டுக் கோழி என்பது. (கோழிக்கோட்டின் பெயரிலேயே கோழி அமைந்திருத்தல் கண்டு நண்பர் எவரேனும் புதியதோர் ஆராய்ச்சி தொடங்காதிருப்பாராக.) ஒரு பறவை பிறந்த நாட்டை ஒருவரும் கூறவில்லை. ஒவ்வொருவரும் தமக்கு எட்டாத தூரத்தில் எது உளதோ அதனைக் கூறினர். அமெரிக்கர் பேச்சில் மேடையேறித் தோல்வியுற்ற நாடகமும் 'டர்க்கி' ஆயிற்று. அதற்குத் துருக்கியர் என் செய்வர்?

நம் கரைக்கு வருவோம். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சீன நாட்டுத் தொழிலாளர் அரக்குப் பூசிச் சித்திரம் வெட்டிய பெரிய மடிப்புத் தட்டிகளைச் செய்தனர். அவை ஐரோப்பாவிற்குச் செல்லும் வழியிற் சோழமண்டலக் கரைத் துறைகளிற் கப்பல் மாறின. அதுவே காரணமாக அவற்றிற்குக் 'கோரமண்டல் தட்டி' என்று பெயர் விளங்கலாயிற்று. நம் கரையின் தச்சர் அவற்றில் ஓர் உளியும் இட்டிலர். ஓவியர் ஒரு கோடும் வரைந்திலர். ஈக்குவடார் நாட்டார் பின்னும் ஓலைத் தொப்பி பனாமாவில் விலைப்பட்டமையாற் 'பனாமா' எனப் பெயர் பெற்றதும் இவ்வாறே. இத்தகைய சொற்களை வைத்துக்கொண்டு ஓர் ஊர் பெருமை பேசுதல், வழிப்போக்கர் மூட்டையை இறக்கிவைத்த திண்ணை அம்மூட்டை தன்னதென்று கூறுதல் போலும்.

'காலிகோ' சற்று விரித்துரைக்கத் தக்கது. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த பின்னர் அத்துறையின் பெயர் ஐரோப்பியர் நாவிற் பழகிற்று. அங்கிருந்து சென்ற பருத்தித் துணி அப்பெயரைப் பெற்றது. நாளடைவிற் கூர்ச்சரத்திலும் சோழமண்டலக் கரையிலும் நெய்து சாயமிட்ட துணிகளும் அதனுள் அடங்கின. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இவற்றைப் பெருவாரியாக இலண்டனில் இறக்கினர். துவைத்தாலும் சாயம் போகாத பூந்துணி, விலையும் மலிவு. செல்வர் வீட்டுப் பெண்டிரும் பணிப்பெண்டிரும் ஒருங்கே உடுத்தனர். கம்பளியும் பட்டும் நெய்த ஆங்கில நெசவாளரின் பிழைப்பு நலிந்தது. 1700-இற் பாராளுமன்றம் இந்தியா, பாரசீகம், சீனம் ஆகிய நாடுகளிலிருந்து வரும் அச்சிட்ட காலிகோவைத் தடுத்துச் சட்டம் இயற்றிற்று. வெள்ளைத் துணியாய் இறக்கி இலண்டனிலேயே அச்சிட்டு விற்கத் தொடங்கினர். 1719-இல் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் நெசவாளர் பொறுமை இழந்து, தெருவிற் காலிகோ உடுத்துச் சென்ற மகளிரின் ஆடைகளைக் கிழித்தெறிந்தனர். ஈராண்டுகட்குப் பின் 1721-இல் வந்த சட்டம் அச்சிட்ட காலிகோவை உடுத்துதலையே குற்றமாக்கிற்று. 1774-இல் அத்தடை நீங்கிற்று; அதற்குள் ஆங்கிலர் பருத்தியைப் பொறிகளால் நூற்கக் கற்றுக்கொண்டனர் என்பதை உடன் நினைத்தல் வேண்டும்.

அதன் பின் அச்சொல் சென்ற வழியைப் பாருங்கள். இங்கிலாந்தில் வெளுக்காத வெற்றுத்துணியைக் காலிகோ என்பர். அமெரிக்காவில் அதற்கு மாறாகப் பூ அச்சிட்ட துணியைக் காலிகோ என்பர். அப்பூந்துணியின் பன்னிறம் பற்றி, கருமையும் செம்மஞ்சளும் வெண்மையும் கலந்த பூனையும் அங்கே காலிகோ ஆயிற்று. நெய்தவர் துணி தடுக்கப்பட்டது. அவர் தொழில் பிறர் பொறிகளுக்குச் சென்றது. அவரிடம் எஞ்சியிருக்க வேண்டிய பெயரும் கடலுக்கப்பால் ஒரு பூனையின்மேற் போய் நின்றது. இதனை நம் நாட்டின் வெற்றியென்று மேடையிற் கூறுவோர் அந்நெசவாளர் முன் நின்று கூறத் துணிவரோ?

துணியும் பறவையும் ஆகிய இவற்றால் ஊரின் மானத்திற்கு ஊறு நேர்ந்ததில்லை. வேறு சில சொற்கள் உள. அவை ஊரையே பழிக்கின்றன. கல்கத்தாவை அடுத்த டம்டம் என்னும் ஊரிற் படைக்கலச்சாலை ஒன்று இருந்தது. உடலினுட் புகுந்தவுடன் விரிந்து பெரும்புண் செய்யும் குண்டு 1890-களில் அங்கே செய்யப்பட்டது. செய்வித்தவர் ஆங்கிலப் படையினர். எல்லைப்புற மலைவாணர்மீது அதனை ஏவியவரும் அவரே. 1899-இல் ஹேக் நகரிற் கூடிய நாடுகள் அத்தகைய குண்டுகளை விலக்கி அறிக்கை செய்தன. குற்றத்தின் பெயரை மட்டும் அவ்வூர் இன்றளவும் சுமக்கின்றது. இவ்வாறே, 1820-இல் அமெரிக்கப் பேரவையில் ஓர் உறுப்பினர் பயனின்றி நீளப் பேசித் தம் தொகுதியான பங்கம் மாவட்டத்தின் பொருட்டே பேசுவதாகக் கூறினராக, 'பங்கம்' என்பது வெற்றுரைக்குப் பெயராயிற்று. பேசியவர் ஒருவர், பெயர் கெட்டவர் மாவட்டத்தார் அனைவரும்.

இங்கே ஒரு தடை எழும். சொல் தன் பிறப்பை மறந்துவிடுகின்றது. 'பெட்லம்' என்று கூச்சலைக் குறிப்பவர் எவரும் பெத்லெகேமை நினைப்பதில்லை. ஆதலின் தீங்கு யாது என்பர். இத்தடை வலியுடையதே. பெட்லத்தைப் பொறுத்தவரை யாம் அதனைப் பெரிதும் ஒப்புக்கொள்கின்றோம். 1247-இல் இலண்டனிற் பெத்லெகேம் மரியன்னையின் பெயரால் ஒரு துறவியர் மடம் நிறுவப்பட்டது. பின்னர் அது மனநோயாளர் மருத்துவமனை ஆயிற்று. மக்கள் நாவில் பெத்லெகேம் 'பெட்லம்' எனச் சிதைந்தது. மக்கள் பொருள் கொடுத்து அந்நோயாளரை வேடிக்கை பார்த்துத் திரும்புவாராயினர்; அச்சொல்லும் குழப்பத்திற்கும் கூச்சலுக்கும் பெயராயிற்று. எபிரேய மொழியில் அப்பத்தின் வீடு என்று பொருள்படும் ஊர், நம் ஆண்டவர் பிறந்த ஊர், இக்கதியை அடைந்தது. எனினும் கிறிஸ்து பிறப்பு நாளிற் பாடுவோர் உள்ளத்தில் அச்சிதைவு ஒரு மாசும் இடவில்லை. வடிவம் மாறிவிட்டமையாற் பெத்லெகேம் தப்பிற்று.

வடிவம் மாறாத இடத்திற் பெயர் தப்புவதில்லை. 'பிலிஸ்டைன்' என்னும் சொல்லை நோக்குக. 1693-இல் ஜெர்மனியின் யேனா நகரில் மாணவர்க்கும் ஊரார்க்கும் மூண்ட பூசலில் மாணவர் ஒருவர் இறந்தனர் என்றும், அவர் அடக்க ஆராதனையிற் போதகர் சிம்சோன் வரலாற்றினின்று பெலிஸ்தரைப் பற்றிய வசனத்தை எடுத்துப் பேசினர் என்றும் கூறுவர். அதுமுதல் ஜெர்மானிய மாணவர் தம்மில் அல்லாத ஊராரையெல்லாம் பெலிஸ்தர் என்று இகழ்ந்தனர். மாணவர் இட்ட வசை இது என்பது நாம் மறைக்கத் தகாதது. அதனை ஆங்கிலத்தில் நிலைநாட்டியவர் மாத்தியு ஆர்னால்டு. 1869-இல் வெளிவந்த 'கல்ச்சர் அண்ட் அனார்க்கி' என்னும் நூலில் கலையும் அறிவும் விழையாது பொருளீட்டலே கருதும் நடுத்தர வகுப்பாரை அவர் அப்பெயரால் அழைத்தார். அதனால் இன்று நயமறியாதவன் யாவனும் பிலிஸ்டைன்.

நாமோ ஒரே வாரத்தில் ஆர்னால்டையும் பாடமாகப் படிக்கின்றோம். நியாயாதிபதிகள் ஆகமத்தையும் வாசிக்கின்றோம். முன்னதன் பொருள் பின்னதனுள் ஒழுகிப் புகுகின்றது. பெலிஸ்தர் என்றவுடன் கலையறியா முரடர் கூட்டம் ஒன்று நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றது. வேதாகமம் அங்ஙனம் கூறுகின்றதா? இஸ்ரவேலர் தம் கொழுவையும் கோடரியையும் தீட்டுதற்குப் பெலிஸ்தரிடம் சென்றனர் என்றே முதலாம் சாமுவேலின் பதின்மூன்றாம் அதிகாரம் உரைக்கின்றது. இரும்புத் தொழிலில் வல்லவர் அவர். மண்ணை அகழ்ந்தோரும் கருமையுஞ் செம்மையுமாகப் பறவைகள் தீட்டிய அழகிய பெலிஸ்தக் கலங்களைக் கண்டெடுத்தனர். எக்ரோன் நகரில் ஒலிவ எண்ணெய் ஆட்டிய செக்குகள் நூற்றுக்கு மேற்பட்டன வெளிப்பட்டன. அவர் இஸ்ரவேலர்க்குப் பகைவர் என்பது உண்மை. பண்பாடு அற்றவர் என்பது யேனா மாணவரும் ஆர்னால்டும் சேர்த்த சரக்கு. வேதத்தை வாசிப்போர் அச்சரக்கை வெளியே வைத்துவிட்டு வாசித்தல் வேண்டும்.

ஆங்கிலரை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. நாமும் இதனைச் செய்கின்றோம். மெக்சிகோவின் மலரைத் துலுக்கச் செவ்வந்தி என்கின்றோம்; அமெரிக்க முள்மரத்தைச் சீமைக் கருவேல் என்கின்றோம். எந்தச் சீமை என்று எவரும் கேட்பதில்லை.

எனினும் ஆங்கில நூல்களைத் தமிழாக்க முனையும் நம் மாணவர்க்கு ஒன்று கூறுவோம். பொருளைப் பெயர்த்தெழுதுக, வசையைப் பெயர்த்தெழுதற்க. ஆர்னால்டின் பிலிஸ்டைனைப் பெலிஸ்தன் என்று எழுதுவோர், தமிழில் இதுகாறும் இல்லாத பழியொன்றைப் புதிதாய்க் குடியேற்றுகின்றனர். நயமிலி என்றோ சுவையறியான் என்றோ எழுதினாற் கருத்தும் விளங்கும், எவ்வூரும் இழுக்குறாது. ஆசிரியன்மாரும் சொற்பொருள் கூறுங்கால் அச்சொல்லை இட்டவர் யாவர், எந்நிலையில் இட்டனர் என்று இரண்டொரு வாக்கியத்திற் கூறுவரேல் பெரிதும் நலமாம். ஊர்ப்பெயர் இது என்று மட்டும் கூறி நிறுத்துதல் போதாது.

தமிழ் இலக்கணம் பயிலும் எமக்கு இவற்றுளெல்லாம் நெருங்கிய சொல் ஒன்று உண்டு. சொற்றொடர்ப் பிழையை ஆங்கிலர் 'சாலிசிசம்' என்பர். சிலிசியா நாட்டுச் சோலி நகரிற் குடியேறிய கிரேக்கர் தம் மொழியைச் சிதைத்துப் பேசினர் என்று ஆதென்ஸ் நகரத்தார் எள்ளியதிலிருந்து அச்சொல் பிறந்தது. அந்தச் சோலியிலேதான் அராத்துஸ் என்னும் புலவர் தோன்றினார். விண்மீன்களைப்பற்றி அவர் கிரேக்க மொழியிற் பாடிய நூல் உரோமரும் மொழிபெயர்த்துப் போற்றிய பெருமையுடையது. அதே சிலிசியாவின் தர்சு நகரத்தவராகிய பவுல் அப்போஸ்தலர் ஆதென்ஸ் நகரின் மார்ஸ் மேடையில் நின்று அந்நகரத்தார்க்கு உபதேசித்தபொழுது, அவர்கள் அறிந்த கிரேக்கப் புலவர் வாக்கென்று எடுத்துக்காட்டியது இந்தச் சோலி நகரத்தார் பாடலின் ஓர் அடியையே. அதனை அப்போஸ்தலர் நடபடிகள் பதினேழாம் அதிகாரத்திற் காணலாம்.