குழாயைத் திறந்து பார்த்து எடுத்த வீடு



சென்ற மாதம் காரைநகரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருந்தார். கணவருக்குக் கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது. மூத்த மகனை அடுத்த வருடம் தரம் 1 இல் சேர்க்க வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய தாயாரும் கூடவே வரவேண்டியவர். "வெள்ளவத்தையில் வாடகை கட்டுப்படியாகாது. வத்தளையா, தெகிவளையா, இரத்மலானையா? எங்கே வீடு பார்க்கலாம் என்று ஒரு வரி எழுதுங்கள் அக்கா" என்று கேட்டிருந்தார்.

ஒரு வரியில் பதில் எழுத முடியவில்லை. இதே கேள்விக்கு நான் ஒரு முறை பிழையான விடை எழுதியவள். அதைச் சொல்லாமல் உங்களுக்கு அறிவுரை சொல்வது நேர்மையாகாது.

2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு இவருக்குக் கொழும்புக் கோட்டைப் பக்கம் மாற்றலாகியது. 2003 தையில் நாங்கள் புறப்பட்டோம். மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு ஏழு. மாமியும் எங்களோடு வந்தார். காலி வீதிப் பக்கம் வேண்டாம் என்பது இவருடைய எண்ணம். காரணம் இருந்தது. எங்கள் ஊரில் எத்தனையோ குடும்பங்களைப் போல மாமாவும் தெற்கிலே கடை வைத்திருந்தவர். தெகிவளையில் இருந்த அந்தக் கடை 1983 ஆடியில் எரிந்தது. மாமா அகதிகளோடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தெகிவளை என்ற பேரே ஆகாது.

தரகர் ஒருவர் வத்தளையில் வீடொன்று காட்டினார். மூன்று அறை, முன்னுக்குச் சிறிய முற்றம், ஒரு கொய்யா மரம். இவர் கூரையைப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். நான் நேரே குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் அடித்துக்கொண்டு வந்தது. கையில் ஏந்திக் குடித்தேன். நல்ல தண்ணீர். அந்த இடத்திலேயே "இந்த வீடு போதும்" என்றேன்.

காரைநகரில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சுற்றிவரக் கடல், கிணற்றிலோ உவர். பவுசர் வரும் நாள் பார்த்து வாளி, குடம், தகரம் எல்லாவற்றையும் வாசலில் அடுக்கி வைத்து வளர்ந்தவள் நான். குழாயில் நல்ல தண்ணீரைக் கண்டதும் வேறொன்றையும் கேட்கத் தோன்றவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதெப்படி, மாமி பகலில் யாரோடு கதைப்பார் என்பவை அந்தக் குழாய்ச் சத்தத்தில் அடிபட்டுப் போயின.

பிள்ளைகளுக்குப் பம்பலப்பிட்டிப் பக்கத்தில் தமிழ்மொழிப் பாடசாலைகளில் இடம் கிடைத்தது. வத்தளை களனி ஆற்றுக்கு வடக்கே, பம்பலப்பிட்டி நகரத்துக்குத் தெற்கே. ஆற்றைக் கடந்து, நகரத்தையும் ஊடறுத்துத்தான் பிள்ளைகள் போக வேண்டும். வான் ஐந்தேகாலுக்கு வாசலில் நிற்கும். மகன் பாதி நித்திரையில் ஏறுவான். பின்னேரம் நாலு மணிக்கு வாடி வதங்கி இறங்குவான். வீட்டுப்பாடக் கொப்பியின் மேல் தலை வைத்து உறங்கிய நாட்கள் பல.

பணக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அந்நாளில் வத்தளை வீட்டுக்கு மாதம் 8,000 ரூபா. அதே அளவு வீட்டுக்கு வெள்ளவத்தையில் 14,000 கேட்டார்கள். மாதம் 6,000 மிச்சம் என்று மகிழ்ந்தோம். இரண்டு பிள்ளைகளுக்கும் வான் காசு 3,600 ஆனது. மகளின் ரியூசனுக்கும், பாடசாலையில் கூட்டம் என்று நான் ஓடிய நாட்களுக்கும் ஓட்டோ, பஸ் என்று 1,500. உண்மையான மிச்சம் 900 ரூபா. அந்த 900 ரூபாவுக்காக இரண்டு பிள்ளைகளின் நித்திரையை நாங்கள் விற்றுக்கொண்டிருந்தோம்.

வத்தளையில் ஒரு குறையும் இல்லை, சகோதரிகளே. அங்கே தமிழர் நிறைய இருக்கிறார்கள். கோயிலும் உண்டு, தேவாலயமும் உண்டு. கணவருக்குப் புறக்கோட்டையில் கடை, பிள்ளைகளுக்குக் கொட்டாஞ்சேனையில் பாடசாலை என்றால் அந்தப் பக்கந்தான் வசதி. 2021 இல் திறந்த புதிய களனிப் பாலமும் இன்று இருக்கிறது. எங்கள் வீடு ஒரு திசையிலும் எங்கள் வாழ்க்கை மறுதிசையிலும் இருந்ததே பிழை.

மாமியின் கதைதான் சொல்லக் கடினமானது. காலையில் நாங்கள் எல்லோரும் போன பிறகு பின்னேரம் வரை அவர் தனியே. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா நல்லவர். கொய்யா பிடுங்கினால் மதிலுக்கு மேலால் நீட்டுவார். ஆனால் மாமிக்குச் சிங்களம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. சிரிப்பதோடு சரி. ஊரில் மாமி விடிந்தால் கோயில், வரும் வழியில் நாலு வீட்டு வாசல், பின்னேரம் திண்ணை என்று இருந்தவர். ஒருநாள் நான் வேலை முடித்து வந்தபோது விளக்குப் போடாமல் இருட்டில் இருந்தார்.

"ஏன் மாமி, லைற்றைப் போடேல்லை?"

"ஆரைப் பாக்கிறதுக்குப் பிள்ளை?" என்றார்.

அந்த மார்கழியில் ஈழத்துச் சிதம்பரத்துத் திருவாதிரைக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. தூரத்து உறவு ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு தன் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

அடுத்த சித்திரையில் நாங்கள் வத்தளையை விட்டோம். இவர் தம் மனத்தைத் தாமே சமாதானப்படுத்திக்கொண்டு தெகிவளையில் சின்ன வீடொன்று பார்த்தார். இரண்டே அறை. குழாயில் தண்ணீர் நூல்போல வரும். காரைநகர்ப் பெண்ணுக்கு வாளி வைத்துப் பிடிக்கத் தெரியாதா? பாடசாலைக்கு 100 ஆம் இலக்க பஸ், 101 ஆம் இலக்க பஸ், கடற்கரை ஓரமாக ரயில். பிள்ளைகள் ஆறு மணிவரை உறங்கினார்கள். அடுத்த ஒழுங்கையில் ஊர்க்காரர் இரண்டு குடும்பம், நெடிமாலைக் கோயில் ஓட்டோ தூரத்தில். மாமிக்கென்று சன்னலோரமாகக் கட்டிலும் போட்டு வைத்தோம்.

கூப்பிடுவதற்கு நானே ஊருக்குப் போனேன். கடை எரிந்த இடம் என்று தயங்குகிறாரோ என்று நினைத்து, மெதுவாகக் கேட்டேன்.

"கடை போனது போனதுதான். அதுக்கில்லைப் பிள்ளை. எனக்கு வீடு மாறிக் களைச்சுப் போச்சு. எத்தினை தரம் எண்டு எண்ணிப் பார்."

எண்ணிப் பார்த்தேன். 1991 இல் காரைநகரை விட்டுப் பொன்னாலைப் பாலத்தால் வெளியேறி மானிப்பாய்க்கு. 1995 ஒக்ரோபரில் வலிகாமமே எழுந்து நடந்தபோது நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு. 1996 இல் மறுபடி மானிப்பாய். 1997 இல் ஊர். 2003 இல் வத்தளை. ஐந்து தடவை. முதல் நான்கிலும் எங்கே போவது என்று தெரிந்தெடுக்கும் உரிமை எங்களுக்கு இருக்கவில்லை. ஐந்தாவதுதான் நாமாகப் பார்த்து எடுத்த இடம். அதைத்தான் குழாயைப் பார்த்து எடுத்தேன்.

2005 இல் மாமி ஊரிலேயே காலமானார். சன்னலோரக் கட்டிலில் அவர் ஒரு நாளும் படுக்கவில்லை.

கடிதம் எழுதிய சகோதரியே, உங்களுக்கு நான் சொல்லக்கூடியவை இவை.

முதலாவது, பாடசாலையைத் தீர்மானித்துவிட்டு வீட்டைத் தேடுங்கள். தமிழ்மொழிப் பாடசாலைகள் கொழும்பின் எல்லாப் பக்கத்திலும் ஒரேயளவாக இல்லை. பம்பலப்பிட்டியில் இந்துக் கல்லூரியும் இராமநாதன் இந்து மகளிர் கல்லூரியும், வெள்ளவத்தையில் சைவ மங்கையர் வித்தியாலயமும், இரத்மலானையில் கொழும்பு இந்துக் கல்லூரியும், கொட்டாஞ்சேனையில் விவேகானந்தா கல்லூரியும் இருக்கின்றன. அரச பாடசாலையில் தரம் 1 அனுமதிக்கு வீட்டின் அண்மை பெரிய விடயம். வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடம் பெயர் இருக்கிறது, வீட்டு உறுதியோ ஒப்பந்தமோ உண்டா, உங்கள் வீட்டுக்கு இன்னும் கிட்டவாக வேறு பாடசாலை இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் புள்ளி போடுவார்கள். மார்கழியில் வீடு எடுத்துத் தையில் பிள்ளையைச் சேர்க்கலாம் என்று நம்பி இருக்காதீர்கள். கல்வி அமைச்சு ஒவ்வொரு வருடமும் சுற்றறிக்கை வெளியிடும். அதைக் கையில் எடுத்து, நீங்களே வரிக்கு வரி வாசியுங்கள். வாய்வழிக் கதையை நம்ப வேண்டாம். போனவுடன் கிராம அலுவலரிடம் பதிந்து, வாக்காளர் இடாப்பிலும் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, தரகர் ஞாயிற்றுக்கிழமை காட்டும் வீட்டைத் திங்கட்கிழமை காலை ஆறரைக்குப் போய் மறுபடி பாருங்கள். அங்கிருந்து பாடசாலை வாசல் வரை பஸ்ஸில் ஒரு முறை போய்ப் பாருங்கள். ஞாயிறு இருபது நிமிடத்தில் போன தூரம் திங்கள் ஒரு மணித்தியாலம் எடுக்கும். வாடகையோடு வான் காசையும் பஸ் காசையும் கூட்டிய பிறகே மலிவு எது என்று முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, தண்ணீர். நம் ஊர்ப் பெண்கள் தண்ணீர் வருகிறதா என்றுதான் பார்ப்போம். கொழும்புப் புறநகரில் தண்ணீர் எங்கிருந்து வந்து வீட்டுக்குள் நிற்கும் என்றும் பார்க்க வேண்டும். 2016 வைகாசியிலும், 2025 கார்த்திகையில் வந்த டித்வா புயலிலும் களனி ஆறு பெருகிக் கொலன்னாவை முதலிய தாழ்ந்த இடங்களில் வீடுகளுக்குள் ஏறியது. ஆற்றங்கரையில் மட்டுமல்ல, கால்வாய் ஓரத்திலும் சதுப்பை நிரப்பிய காணியிலும் இந்தக் கவலை உண்டு. வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள்; எதிர்க் கடைக்காரரைக் கேளுங்கள். சுவரில் அடியோரம் புதிதாக நிறம் பூசியிருந்தால் ஏன் என்று விசாரியுங்கள்.

நான்காவது, காகிதம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். எத்தனை மாத முற்பணம், எத்தனை மாத முன்னறிவித்தல், திருத்த வேலை யார் செலவு, மின்சார மானி உங்களுக்குத் தனியா என்பவை அதில் இருக்கட்டும். உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம். கணவரோடு சேர்ந்து நீங்களும் வாசியுங்கள்.

ஐந்தாவது, உங்கள் தாயார். அவரையும் வீடு பார்க்கக் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்றாம் மாடியில் மின்தூக்கி இல்லாத வீடு மலிவாகத்தான் கிடைக்கும், ஆனால் அவர் படியிறங்கவே மாட்டார். நடந்து போகும் தூரத்தில் ஒரு கோயில், ஒரு கடை, தமிழ் கதைக்கும் ஒரு வீடு இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் அறை எத்தனை பெரிதாக இருந்தாலும் அது அவருக்கு வீடாகாது. நீங்களும் பிள்ளைகளும் சிங்களம் படியுங்கள். மதிலுக்கு மேலால் கொய்யா நீட்டியவரோடு என்னாலும் அப்போது நாலு வார்த்தை பேச முடியவில்லை. பேசியிருந்தால் அவரே மாமிக்கு ஒரு துணையாகி இருப்பார் என்று பின்னாளில் நினைத்துக்கொண்டேன்.

சிலர் கொழும்புக்குப் போகாமல் யாழ்ப்பாண நகரை அண்டிய கோண்டாவில், கொக்குவில், திருநெல்வேலிப் பக்கம் குடிபெயர நினைக்கிறீர்கள். அங்கே கிணற்று நீர் இனிக்கும், பார்வைக்கும் தெளிவாக இருக்கும். ஆனால் வலிகாமத்து நிலம் சுண்ணாம்புக்கல். தோட்டத்துக்குப் போடும் பசளையும் மலசலகூடக் குழியின் கழிவும் அதனூடாக இலகுவாகக் கிணற்றுக்கு இறங்கிவிடும். நைத்திரேற்று கூடிய கிணறுகள் அந்தப் பகுதிகளில் உண்டு. அது ருசியிலும் தெரியாது, நிறத்திலும் தெரியாது. கைக்குழந்தைகளுக்குப் பால்மா கரைக்க அந்த நீர் ஆபத்தானது; கொதிக்க வைத்தாலும் போகாது. காணி வாங்குமுன் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பக்கத்துக் காணியில் குழி எங்கே இருக்கிறது என்றும் எட்டிப் பாருங்கள்.

உங்களுக்கு நான் எந்த ஊர் என்று பேர் சொல்லவில்லை, சகோதரி. கணவரின் வேலையிடம், பிள்ளையின் பாடசாலை, தாயாரின் நடை இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, மூன்றுக்கும் நடுவில் எந்த ஊர் விழுகிறது என்று பாருங்கள். அது தெகிவளையாகவும் இருக்கலாம், வத்தளையாகவும் இருக்கலாம். வீடு சிறியதென்றால் பரவாயில்லை. நாங்கள் அந்த இரண்டு அறையில் ஒன்பது வருடம் இருந்தோம்.

வீடு அமைந்ததும் எனக்கு எழுதுங்கள். தாயார் என்ன சொன்னார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.