காதை நம்பி ரைமிங்கைத் திருப்பாதையுங்கோ

பழைய கார் வைச்சிருக்கிற எங்கட ஆக்களிட்ட ஒரு பழக்கம் இருக்கு. ஐட்லிங்கில இஞ்சின் உதறினால் டிஸ்ரிபியூட்டரைத் தளர்த்தி, சத்தம் சீராகுமட்டும் திருப்புவினம். காபரேற்றர் பூட்டின மொறிஸ் மைனருக்கு அந்த வைத்தியம் சரி. 90களில வந்த ரொயோட்டா கொரோலாவுக்குச் சரிவராது எண்டதுதான் என்ர கருத்து.

அதின்ர 4ஏ-எஃப்இ இஞ்சினில ஐட்லிங்கைப் பிடிச்சு வைச்சிருக்கிறது கொம்பியூட்டர். உள்ள போற காத்தைக் கூட்டிக் குறைச்சுப் பலன் வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பொறியை எண்டால் அடுத்த வெடிப்பிலேயே மாத்தலாம். அதால இஞ்சின் சுத்து குறைய பொறியை முந்தவிடும், கூடப் பிந்தவிடும். ரைமிங் லைற் பிடிச்சாலும் நீங்கள் காணுறது ஒரு இடத்தில நிக்காத கணக்குத்தான்.

முதல்ல இஞ்சினை நல்லாச் சூடாக்குங்கோ. டயக்னோஸ்ரிக் பெட்டியில ரீஈ1, ஈ1 எண்ட ரெண்டையும் கம்பியால இணையுங்கோ. அப்பதான் கொம்பியூட்டர் கையை எடுக்கும். பிஸ்ரன் உச்சிக்கு வர 10 பாகை முந்திப் பொறி விழவேணும். அப்பிடி விழுந்தால் டிஸ்ரிபியூட்டரைத் தொடாதையுங்கோ. உதறலுக்குக் காரணம் வேற: ஊத்தை பிடிச்ச துரொட்டில், வெடிச்ச வக்கூம் குழாய், தேய்ஞ்ச பிளக்.

5 பாகை கூட்டித் திருப்பினால் ஐட்லிங் சத்தம் காதுக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனால் ஆக்களை ஏத்திக்கொண்டு மேடு ஏறேக்கையும் அந்த 5 பாகை கூடவே வரும். நொக்கிங் தொடங்கினால் பிஸ்ரனே போயிடும். ஒரு வக்கூம் குழாய்க்குப் பஞ்சிப்பட்டு இஞ்சினைக் குடுக்கிறதோ?

வேலை முடிஞ்சதும் கம்பியைக் கழட்ட மறக்காதையுங்கோ.