பத்துத் தட்டா, ஐந்து தட்டா?

நம் சங்க மலருக்கு வந்த கட்டுரைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையில் இம்முறை நானும் ஒட்டிக்கொண்டேன். மகள் வீட்டுக்கு வந்திருக்கும் கிழவனுக்குப் பொழுது போக வேண்டுமே! அங்கே கண்ட ஒரு காட்சிதான் இதை எழுதத் தூண்டியது.

தட்டெழுத உட்கார்ந்த பிள்ளை நல்ல கெட்டிக்காரர். ஆங்கிலத்தில் விரல் பறக்கிறது. மவுஸைத் தொடுவதே இல்லை. ஜன்னல் மாற்ற ஆல்ட்டும் டேப்பும், தேட கன்ட்ரோலும் எஃப்பும், தப்பு வந்தால் கன்ட்ரோலும் இஸட்டும். தமிழ்ப் பக்கம் வந்ததும் அதே விரல்கள் நொண்ட ஆரம்பித்தன. ‘தாத்தா’ என்று எழுத டி, எச், ஏ, ஏ, டி, எச், டி, எச், ஏ, ஏ என்று பத்துத் தட்டு. தமிழ்99 விசைப்பலகையில் த, ஆ, த, த, ஆ என்று ஐந்தே தட்டு. இரண்டு த அடுத்தடுத்து வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துவிடும். ‘தங்கம்’ என்று அடிக்கும்போது ங-வுக்கும் அப்படியே.

குறுக்குவழி என்றாலே சோம்பேறி வழி என்று நம்மில் பலருக்கு நினைப்பு. நான் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன். பழைய கேபினில் லீவர்மேன் ஒவ்வொரு லீவராக இழுத்துத்தான் ஒரு வண்டிக்கு வழி அமைப்பார். பிறகு பேனல் வந்தது. சிக்னல் பொத்தானையும் தடத்தின் பொத்தானையும் ஒருசேர அழுத்தினால் வழியிலுள்ள பாயின்ட்டுகள் எல்லாம் தாமே திரும்பிப் பூட்டிக்கொள்ளும். ஏன் இரண்டு பொத்தான்? ஒன்றைக் கை தவறித் தொட்டாலும் ஒன்றும் நடக்கக் கூடாது என்பதற்காக. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் என்ற மூன்று விசைக் கூட்டை ஐ.பி.எம். கம்பெனியின் முதல் பி.சி.க்காக அமைத்த டேவிட் பிராட்லியும் இதையேதான் யோசித்தார். முதலில் அவர் வைத்தது எஸ்கேப் விசை. அதை இடது கை மட்டுமே தற்செயலாக அழுத்திவிட முடியும் என்பதால் தூரத்திலிருந்த டெலீட்டுக்கு மாற்றினார். 1981-ல் அந்த பி.சி. வெளிவந்தது. இஸட், எக்ஸ், சி, வி நான்கும் கீழ்வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால்தான் லாரி டெஸ்லர் ஆப்பிளின் லிசா கம்ப்யூட்டரில் அவற்றைத் தேர்ந்தெடுத்தார். ஆக, குறுக்குவழி என்பது ஒருவர் உட்கார்ந்து யோசித்து நமக்குப் போட்டுக்கொடுத்த வழி.

தமிழுக்கும் அப்படி யோசித்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் நம்மைப்போல் ஊரை விட்டுப் போனவர்கள். யாழ்ப்பாணத்து இரா. முத்தையா மலேயா, சிங்கப்பூர் பக்கம் பிழைக்கப் போன இடத்தில்தான் தமிழ்த் தட்டெழுத்து இயந்திரத்துக்கு விசை வகுத்தார். 247 எழுத்தை எப்படி அந்தச் சின்னப் பலகையில் அடக்குவது? புள்ளியை அடித்தால் வண்டி நகராதபடி ‘நகரா விசை’ அமைத்தார். 1997-ல் சிங்கப்பூரில் இணையத்தமிழ் மாநாடு கூடியது. அடுத்து 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடியபோது பிறந்ததுதான் தமிழ்99. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு, புள்ளிக்கு ஒன்று, ஆக 31 விசை. இன்று விண்டோஸிலும் மேக்கிலும் அது உள்ளேயே இருக்கிறது, காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

தட்டு எண்ணிக்கை மட்டும் என் கவலை என்றால் இவ்வளவு எழுதமாட்டேன். என் ஊர் சத்தியவேடு. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாறியபோது செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்துக்குப் போனது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. எனக்கு அப்பா ஸ்லேட்டில் தமிழ் எழுதப் பழக்கினார். அக்காவுக்கு அது வாய்க்கவில்லை. கல்யாணமாகிப் போனபின் அவள் போடும் கடிதங்கள் எல்லாம் தெலுங்கு எழுத்தில் எழுதிய தமிழ்! வாசித்தால் அவள் பேசுவதுபோலவே இருக்கும். ஆனால் தெலுங்கில் ழ கிடையாதே. ‘வாழைப்பழம்’ ‘வாளைப்பளம்’ ஆகிவிடும். ந-வுக்கும் ன-வுக்கும் ஒரே எழுத்து. அப்போது கேலி செய்து சிரித்தோம். இன்று அக்காவின் பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், ஒரு பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியாது.

ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கும் நம் குழந்தைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கடிதங்கள்தான் ஞாபகம் வருகின்றன. ‘மனம்’ என்று அடிப்பதும் ‘மணம்’ என்று அடிப்பதும் அவர்களுக்கு ஒன்றே. எது வேண்டும் என்று கம்ப்யூட்டர் ஊகித்துக் கொடுக்கிறது. தமிழ்99-ல் ன ஒரு விசை, ண ஒரு விசை. அடிக்கும் முன் எது என்று பிள்ளை முடிவு செய்தாக வேண்டும்.

“வாயால் சொன்னால் போனே எழுதுகிறதே, சார்!” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். கடைக்குப் போகும்போது பால் வாங்கி வா என்று செய்தி அனுப்ப நானும் போனிடம் பேசுகிறேன். ஆனால் வீட்டில் முணுமுணுக்கும் குழந்தையின் ழகரத்தை அந்தப் போன் திருத்தி எழுதிவிட்டால், தன் நாக்கில் பிழை என்று குழந்தைக்கு யார் சொல்வார்கள்?

தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பில் இருபது நிமிடம் தமிழ்99-க்கு ஒதுக்குங்கள். பெற்றோரும் கூட உட்காருங்கள். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலம் தமிழாக மாறும், மறுபடி தட்டினால் திரும்பும். முதல் வாரம் எரிச்சல் வரும். எனக்கு வந்தது, பேரனிடம் திட்டும் வாங்கினேன். மூன்றாவது வாரத்தில் பலகையைப் பார்க்காமல் அடித்தேன்.

இந்தக் கட்டுரையை நானே அடித்தேன். ‘வாழைப்பழம்’ என்ற இடத்தில் மட்டும் இரண்டு தரம் ள விழுந்துவிட்டது; கன்ட்ரோல் இஸட்டை அழுத்தித் திருத்தினேன்.