சினை நாய்க்கு கால்சியம் டானிக் கொடுக்கலாமா?

குட்டி போட்டு மூன்று வாரம் ஆகிறது. ஐந்து குட்டிகளும் மாறி மாறிப் பால் குடிக்கின்றன. திடீரென்று தாய் பொமரேனியன் ஓரிடத்தில் படுக்காமல் அலைகிறது, மூச்சிரைக்கிறது. நடக்கும்போது கால்கள் விறைக்கின்றன, உடம்பு நடுங்குகிறது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தால், சில மணி நேரத்தில் வலிப்பு வந்துவிடலாம்.

இதுதான் நாய்களுக்கு வரும் எக்லாம்ப்சியா. கர்ப்பிணிப் பெண்களுக்கு ரத்த அழுத்தம் கூடி வரும் எக்லாம்ப்சியா வேறு. நாய்க்கு வருவது, ரத்தத்தில் கால்சியம் சரிவதால். மாடுகளின் பால் காய்ச்சலுக்கும் காரணம் இதுதான். ஆனால் அதில் மாட்டின் உடம்பு சில்லிட்டுவிடும். நாய்க்கோ தசைகள் ஓயாமல் துடிப்பதால் உடல் வெப்பம் 105 டிகிரியைத் தாண்டக்கூடும்.

அதிகக் குட்டிகள் போட்ட சிறிய இன நாய்களுக்கே ஆபத்து அதிகம். பெரும்பாலும் குட்டி போட்ட நான்கு வாரங்களுக்குள் வரும். அரிதாக, சினையின் கடைசி நாட்களிலேயே வருவதும் உண்டு.

அறிகுறிகளை வைத்தே மருத்துவர் ஊகித்துவிடுவார். ரத்தத்தில் கால்சியம் அளவைப் பார்த்து உறுதி செய்வார். சர்க்கரை குறைந்தாலும் வலிப்பு வரும் என்பதால் அதையும் சோதிப்பார். பிறகு இதயத் துடிப்பைக் கவனித்தபடி, நரம்பு வழியாக கால்சியத்தை மெதுவாக ஏற்றுவார். வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடலாம். அதனால் இது வீட்டு வைத்தியத்துக்கு உரியதல்ல. வலிப்பின்போது வாயில் மருந்தோ பாலோ ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

குட்டிகளை உடனே பிரித்து, ஒரு நாளாவது நாய்க்குட்டிகளுக்கான பால் பவுடரைக் கரைத்துக் கொடுக்க வேண்டும்.

'முன்கூட்டியே கால்சியம் டானிக் கொடுத்திருந்தால் வந்திருக்காதே' என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்துக்குத் தருவது பாராதைராய்டு சுரப்பியின் வேலை. சினைக்காலத்தில் டானிக் தாராளமாகக் கிடைத்தால் அந்தச் சுரப்பி மந்தமாகிவிடும். பால் சுரந்து தேவை திடீரென எகிறும்போது அதனால் ஈடுகொடுக்க முடியாது.

எனவே, மருத்துவர் சொல்லாமல் சினை நாய்க்கு கால்சியம் டானிக் வேண்டாம். சினையின் கடைசி மூன்று வாரங்களிலும் பால் கொடுக்கும் காலத்திலும் நல்ல தரமான 'பப்பி' உணவு கொடுத்தால் போதும். மூன்றாவது வாரத்திலிருந்து குட்டிகளுக்குக் கூழான உணவைப் பழக்கினால் தாயின் பாரம் குறையும். தாய் நடுங்கினால் மட்டும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.