படமும் பேச்சும்

திருச்சிராப்பள்ளிக் காந்தி மார்க்கெட்டில் தர்ப்பூசணி விற்பவர் நெடும்பேச்சுப் பேசுவதில்லை. ஒரு பழத்தைக் கீறிச் செந்நிறத் துண்டொன்றை உயர்த்திக் காட்டுவார், விலையைக் கூறுவார், அவ்வளவே. பழத்தின் நிறத்தை அவர் வருணிப்பதில்லை. அது வாங்குவோர் கண்முன்னரே இருக்கின்றது. விலை மட்டும் கண்ணுக்குத் தெரியாதாகையால் அதனை வாயால் சொல்லுகின்றார். கூடையும் பையுமாய் விரைந்து செல்வோர் நெடுநேரம் நில்லார் என்பதையும் அவர் நன்கறிவார். மார்க்கெட்டின் முன்னே முதல் உலகப் போரின் நினைவாக எழுப்பப்பட்ட மணிக்கூண்டு நிற்கின்றது. ஆயினும் அதனைப் பார்த்துத்தான் அவர் பேச்சைச் சுருக்குகின்றார் என்பதற்கில்லை!

மேடையேறுவோர் பலர்க்கு இவ்வறிவு வாய்ப்பதில்லை. ‘ஓரிரு சொற்கள் கூறி அமர்கின்றேன்’ என்று தொடங்குவோரே ஒரு மணி நேரம் பேசக் காண்கின்றோம். திருவள்ளுவர் ‘அவையறிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தது வீணன்று.

இக்குறையைக் களைய 2003-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு டோக்கியோ நகரில் ஆஸ்டிரிட் கிளைன், மார்க் டைத்தம் என்னும் கட்டடக் கலைஞர் இருவர் ஒரு முறையை வகுத்தனர். பேசுபவர் இருபது படங்களே காட்டலாம். ஒவ்வொரு படமும் இருபது நொடியே திரையில் நிற்கும். பின்னர்த் தானே மாறிவிடும். ஆக, 6 நிமிடம் 40 நொடியில் பேச்சு முடிந்தாக வேண்டும். ‘பெச்சாகுச்சா’ என்பது இம்முறையின் பெயர். ஜப்பானிய மொழியில் அதற்குச் ‘சளசளப்பு’ என்பது பொருள். சளசளப்பை அடக்க வந்த முறைக்கு அப்பெயரே அமைந்தது வேடிக்கைதான்.

இருபது நொடியில் என்ன சொல்லிவிட முடியும் என்று சிலர் வினவுவர். நிதானமாகப் பேசினால் முப்பது நாற்பது சொற்கள் சொல்லலாம். குறள் வெண்பாவுக்கு உரியவை ஏழே சீர்கள் அன்றோ? அந்நெருக்கமே வேண்டாத சொற்களை வெளியேற்றியது. எல்லை வகுத்தல் புலமையைக் குறைப்பதன்று. எதனை விடுவது என்று எண்ணச் செய்வது.

படங்காட்டிப் பேசுதல் திருச்சிராப்பள்ளிக்குப் புதிதும் அன்று. இந்நகரில் இரயில்வே அலுவலகத்தில் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார், 1905-ஆம் ஆண்டில் டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து திரைப்படக் கருவியையும் சில படங்களையும் விலைக்கு வாங்கினார். ஏசுநாதர் வாழ்க்கையைக் காட்டும் படமும் அவற்றுள் ஒன்று. வேலையை விட்டுவிட்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். பின்னர்க் கோயம்புத்தூரில் ‘வெரைட்டி ஹால்’ என்னும் நிலையான அரங்கையும் நிறுவினார். ஊமைப்படக் காலத்தில், திரையருகே ஒருவர் நின்று கதையை உரக்க விளக்குவது வழக்கம். படம் அவருக்காகக் காத்திராது ஓடிக்கொண்டேயிருக்கும். பின்தங்கினாலும் முந்தினாலும் கூட்டம் சிரித்துவிடும். இருபது நொடிப் பேச்சாளர்க்கும் அதே இடர்தான்.

இனி, இம்முறையைக் கையாள்வோர் செய்யும் பெரும்பிழை ஒன்றுண்டு. படத்தில் தெரிவதையே வாயாலும் சொல்லுகின்றனர். காந்தி மார்க்கெட்டைப் பற்றி ஒரு மாணவர் பேசுவதாகக் கொள்வோம். தக்காளிக் கூடைகள் மலைபோல் குவிந்திருக்கும் படம் திரையில் தோன்றுகின்றது. ‘இவை தக்காளிக் கூடைகள்’ என்று அவர் கூறினால் இருபது நொடியும் வீண். காண்பவர் செழிப்பையே காண்பர். வரத்து மிகுந்தால் விலை வீழும். சில நாள்களில் பறிகூலிக்கும் வண்டிக் கூலிக்கும்கூடத் தேறாது. அந்தச் செழிப்பின் படமே உழவரின் இழப்பின் படமாகவும் இருக்கலாம். இதனைப் படம் ஒருநாளும் தானே சொல்லாது. பேசுபவர் சொல்ல வேண்டும். மூட்டை சுமப்பவர் படத்தில் அவர் முதுகு வளைந்திருப்பது தெரியும். மூட்டைக்கு அவர் பெறும் கூலி தெரியாது. அதனை அறிய மாணவர் விடியுமுன் மார்க்கெட்டுக்குச் சென்று அவரிடமே கேட்டறிதல் வேண்டும். படம் எடுப்பது நொடிப்பொழுது வேலை. அதற்குரிய நாற்பது சொற்களைத் தேடுவதற்கோ ஒரு வாரமும் ஆகலாம்.

படத்தின்மேலேயே பத்துவரி எழுதிவைத்து, அவையோர்க்கு முதுகு காட்டி அதனைப் படிப்பவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. அவையோர்க்கும் படிக்கத் தெரியும்.

எல்லாப் பொருளும் இம்முறைக்கு இசையும் என்பதும் தவறு. வடிவ கணிதத் தேற்றம் ஒன்றை நிறுவுபவர்க்கும், புணர்ச்சி விதியில் எழுந்த ஐயத்தை அகற்றுபவர்க்கும், கேட்போர் முகம் தெளியும்வரை ஓரிடத்தில் நிற்கும் உரிமை வேண்டும். ஆங்கே படம் தானே மாறுவது இடையூறு. அத்தகைய பாடத்துக்குக் கரும்பலகையும் சுண்ணக்கட்டியுமே போதும்.