பின்னேரம் யாருக்கு?

சென்ற மாதம் ஒரு காரியமாக இறம்பொடைக்குச் செல்ல நேர்ந்தது. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பெருந்தெருவில், மேலே தேயிலையும் கீழே கொத்மலை நீர்த்தேக்கமுமாக அமைந்த ஊர் அது. அதன் அழகை வருணிக்க நாம் இங்கே முற்படவில்லை. ஒரு லயத்து இஸ்தோப்பில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த தாயொருவர் நம்மிடம் கேட்ட கேள்வியையே இவ்வாரம் வாசகர்முன் வைக்கின்றோம்.

அவருடைய மகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியிருக்கின்றாள். நுவரெலியா நகரத்துப் பெரிய பாடசாலையொன்றில் ஆறாம் வகுப்புக்கு இடம் கிடைக்கும். மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அதே சிறுமி, தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டியில் கோட்டத்தையும் வலயத்தையும் வென்று, மாகாணம் வரை போய் வந்தவள். தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர், ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்ட பின்னரும் தங்கியிருந்து, ஒரு சதமும் பெறாமல் அவளைப் பயிற்றி வருகின்றார்.

"இங்க இருந்தா பேச விடுவாங்க, அங்க போனா படிக்க வைப்பாங்க. ரெண்டும் ஒரே எடத்துல கெடைக்காதுங்களா ஐயா?" என்றார் தாய்.

நகரத்தில் வாழ்வோருக்கு இது பெரிய சிக்கலாகத் தோன்றாது. பாடசாலை முடிந்ததும் நீச்சல், அது முடிந்ததும் சங்கீதம், பின்னர் டியூசன் என்று பிள்ளையை வாகனத்தில் ஏற்றி இறக்கினால் ஆயிற்று. (அந்தப் பிள்ளைகளுக்கு மூச்சு விட நேரமுண்டா என்பதை வேறொரு வாரம் பேசுவோம்.) மலையகத்தில் கணக்கு வேறு. விடியுமுன் எழுந்து, மூடுபனியில் பெருந்தெருவுக்கு இறங்கி, வளைந்து வளைந்து ஏறும் பஸ்ஸில் நகரம் சேர வேண்டும். பாடசாலை முடிந்த பின் பயிற்சிக்கு நின்றால், திரும்பி இறங்கும்போது இருட்டிவிடும். தெருவிலிருந்து லயம் வரை தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. பத்து வயதுப் பெண் பிள்ளையை யார் எதிர்கொண்டு அழைத்து வருவது? தாய் மலையிலிருந்து நேரத்தோடு இறங்கினால் அன்று அரைப்பேர்தான். ஆகவே நகரத்துப் பாடசாலையில் பேச்சு மன்றம் இருக்கலாம், வலைப்பந்து இருக்கலாம், பாண்ட் வாத்தியமும் இருக்கலாம். பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பிள்ளைக்கு அவற்றுள் எதுவும் இல்லை.

விடுதியில் விடலாமே என்று கேட்டோம். தாய் பேசவில்லை.

முத்தையா முரளிதரனை நாம் அப்போது நினைத்துக்கொண்டோம். அவருடைய பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். தந்தையார் கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். மகனைக் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி விடுதியில் சேர்த்தார். வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த சிறுவனைப் பதினான்கு வயதளவில் சுழற்பந்துக்குத் திருப்பியவர் அக்கல்லூரிப் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. 2010இல் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட் விழுந்தபோது நாடே கொண்டாடியது. அந்தச் சிறுவனின் திறமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. எனினும் அவன் பின்னேரத்தைப் பஸ் தின்னவில்லை என்பதையும், விடுதிக் கட்டணம் செலுத்தும் தந்தை இருந்தார் என்பதையும் மறத்தலாகாது.

இந்தத் தாயின் தாயாருக்கு இத்தகைய கவலை இருந்திராது. தெரிவு இருந்தாலன்றோ கவலை! 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. அவை அரசிடம் வரத் தொடங்கியது 1970களில்தான்.

இப்போதோ தெரிவு வந்திருக்கின்றது. அதனோடு அவசரமும் வந்திருக்கின்றது. மூன்றாம் வகுப்பிலேயே மாதிரி வினாத்தாள். ஆடும் பிள்ளையையும் பாடும் பிள்ளையையும் "பரீட்சை முடியட்டும்" என்று நிறுத்துகின்றோம். பரீட்சை முடிகின்றது; நின்ற ஆட்டம் மீண்டும் தொடங்குவதில்லை. மறுபுறம், 2023இல் புசல்லாவைப் பக்கத்துச் சிறுமியொருத்தி தமிழகத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியிற் பாடியதைக் கண்டு, சுருதி சேராத பிள்ளையையும் மேடையேற்றத் துடிக்கும் தந்தையரும் உளர். இதுவும் அவசரமே.

நம் அபிப்பிராயத்தைத் தாய் வற்புறுத்திக் கேட்டதால் சொன்னோம். பத்து வயதில் தவறிய நகரப் பாடசாலை, சாதாரண தரப் பரீட்சையின் பின் உயர்தரத்துக்கு மறுபடி கதவு திறக்கும். பெறுபேறு நன்றாயிருந்தால் விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைக்கு அப்போதும் போகலாம். வயதும் பதினாறாகியிருக்கும், பஸ்ஸும் இருட்டும் இத்தனை அச்சந் தரா. ஆனால் பத்துக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்ட வயதில் நாவுக்கும் காலுக்கும் கிடைக்கும் பயிற்சி பின்னொருநாள் வந்து கதவைத் தட்டுவதில்லை. எனவே தோட்டப் பாடசாலையில் இருப்பதில் இழிவொன்றுமில்லை என்றோம்.

ஆனால் ஒரு நிபந்தனையும் சேர்த்தோம். அந்தப் பெறுபேறு வானத்திலிருந்து விழாது. ஆறாம் வகுப்பு முதல் பதினோராம் வகுப்பு வரை கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் வேண்டும். மலையகத்தில் பல பாடசாலைகள் தட்டுக்கெட்டு நிற்பது இங்கேதான். ஆசிரியர் இல்லையென்றால் பேச்சுப் போட்டியை மறந்துவிட்டு மகளை நகரத்துக்கு அனுப்புங்கள். பரிசுக் கிண்ணத்தைக் காட்டி எந்த உயர்தர வகுப்பிலும் இடம் கேட்க முடியாது என்றோம். மகளையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றோம்.

"அவளக் கேட்டேன். டீச்சர் எங்க இருக்காங்களோ அங்கதான்னு சொல்றா."

"கணக்குக்கு ஆள் உண்டா?"

"இருக்காருங்க. நல்லாத்தான் சொல்லிக் குடுக்கிறாரு. அடுத்த வருசம் மாத்தலாகிப் போயிருவாருன்னு பேசிக்கிறாங்க."

விண்ணப்பப் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டுமாம். அது நிரப்பப்படாமல், சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியின் பின்னே செருகிக் கிடந்தது.