மருந்து என்று சொல்லிப் பழகிவிட்டோம்



தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ‘மருந்தடி வேலை’ என்றால் விளக்கம் தேவையில்லை. ரப்பர் காட்டிலும் பிறகு செம்பனைக் காட்டிலும் களைக்கொல்லி தெளிப்பதுதான் அந்த வேலை. மலாய்க்காரர்கள் அதை ‘ராச்சுன் ரும்புட்’ என்கிறார்கள். ராச்சுன் என்றால் நஞ்சு. நாம் மட்டும் அதற்கு மருந்து என்று பெயர் வைத்தோம். வானொலியில் சொற்களை வைத்துப் பிழைக்கும் எனக்கு இந்த ஒரு சொல் நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. மருந்து என்று சொல்லும் பொருளுக்கு யார் பயப்படுவார்கள்?

என் பெரியம்மா இருபது ஆண்டுகளுக்கு மேல் மருந்தடித்தவர். முதுகில் 16 லிட்டர் பம்பு, மூக்கைச் சுற்றி ஒரு துண்டு. கைநகங்கள் கறுத்து, பெயர்ந்து விழுந்து, மறுபடியும் கோணலாக முளைத்திருக்கும். கேட்டால், “கையுறை குடுத்தாங்க கண்ணு. வெயில்ல போட்டா கை வெந்து போவுது. கிழிஞ்சா வேற குடுக்க மாட்டாங்க” என்பார்.

நகம் கறுப்பதும் மூக்கில் ரத்தம் வருவதும் பாராகுவாட் என்ற களைக்கொல்லி தொடர்ந்து உடலில் படுவதால் வரக்கூடியவை. விழுங்கினால் ஒரு மிடறே உயிரைப் பறிக்கும்; நுரையீரலை அழிக்கும் அந்த நஞ்சுக்கு இன்றுவரை மாற்று மருந்து இல்லை. புண்ணும் வெடிப்பும் உள்ள தோல் வழியாகவும் அது உடலுக்குள் போகும். தோட்டப் பெண்களின் இந்த நிலையை ‘தெனாகானிதா’ அமைப்பும் அதன் தலைவர் ஐரீன் ஃபெர்னாண்டஸும் 2002-இல் ஆய்வறிக்கையாகவே வெளியிட்டார்கள். அதே ஆண்டு அரசு தடை அறிவித்தது. 2006-இல் அந்தத் தடை தளர்ந்தது. முழுத் தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி முதல் தேதி. இடையில் போனது பதினேழு ஆண்டுகளுக்கும் மேல்.

அந்த ஆண்டுகளில் அடிக்கடி கேட்ட பதில், “பாதுகாப்பு உடை போட்டால் பிரச்சினை இல்லை” என்பதுதான். அந்த உடையைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம்.

துணிக் கையுறை நஞ்சை உறிஞ்சி, தோலோடு சேர்த்து ஒட்டி வைக்கும். அதைப் போடுவதைவிடப் போடாமல் இருப்பதே மேல். முகத்தில் கட்டும் துண்டு தூசியைக் கொஞ்சம் தடுக்கலாம், ஆவியைத் தடுக்காது. நனைந்துவிட்டால் நஞ்சை வாயருகே வைத்துக்கொண்டிருப்பதுபோல. ஆவி வரும் இடத்தில் அதற்கேற்ற வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும். கால்சட்டையை பூட்ஸுக்குள் திணிக்காமல் வெளியே விட வேண்டும், இல்லையென்றால் வழிவது எல்லாம் பூட்ஸுக்குள் இறங்கும். ஆபத்து மிக அதிகம் தெளிக்கும்போது அல்ல, கெட்டியான நஞ்சைத் தண்ணீரில் கலக்கும்போது. அந்த நேரத்தில் கண்ணாடியும் நீர் புகாத ஏப்ரனும் கட்டாயம். வேலை முடிந்ததும் கையுறையைக் கழுவிய பிறகே கழற்ற வேண்டும். வேலைத் துணியைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்கவே கூடாது.

கையுறையிலும் எல்லாம் ஒன்றல்ல. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த கேரன் வெட்டர்ஹான் 1996-இல் டைமீதைல் பாதரசத்தைக் கையாண்டபோது சில சொட்டுகள் அவருடைய லேடெக்ஸ் கையுறை மீது விழுந்தன. மறு ஆண்டு அவர் இறந்தார். அந்த வகைக் கையுறையைச் சில விநாடிகளிலேயே அந்த ரசாயனம் ஊடுருவிவிடும் என்பது பிறகு நடந்த சோதனையில்தான் தெரிந்தது. அவர் விதியை மீறவில்லை. போட்டிருந்த உறை அந்த ரசாயனத்துக்கு ஏற்றதல்ல, அவ்வளவுதான்.

பாதுகாப்புத் துறையில் ஒரு வரிசை உண்டு. முதலில் ஆபத்தான பொருளையே அகற்று. முடியாவிட்டால் வேறு பொருளுக்கு மாறு. அடுத்து இயந்திரத்தாலோ காற்றோட்டத்தாலோ ஆளையும் நஞ்சையும் பிரித்து வை. பிறகு வேலை முறையை மாற்று. இதற்கெல்லாம் பிறகுதான், கடைசியாக, உடையும் கையுறையும். நம் நாட்டில் பல இடங்களில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. ஒருவருக்கு உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டால் முதலில் வரும் கேள்வி, “நீ கையுறை போட்டியா?” என்பதுதான். அந்தப் பொருளை ஏன் வாங்கினீர்கள் என்று முதலாளியை யாரும் கேட்பதில்லை.

தோட்டத்தை விட்டு வந்துவிட்டோம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். இன்று அந்தப் பம்பைப் பெரும்பாலும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் சுமக்கிறார்கள். நம் பிள்ளைகள் ஆய்வுக்கூடத்தில், தொழிற்சாலையில், மருத்துவமனையில், முடி திருத்தும் நிலையத்தில் வேறு ரசாயனங்களோடு வேலை செய்கிறார்கள்.

அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. வேலையிடத்தில் உள்ள ஒவ்வொரு ஆபத்தான ரசாயனத்துக்கும் ‘எஸ்டிஎஸ்’ எனப்படும் பாதுகாப்புத் தரவுத்தாள் இருக்க வேண்டும். எட்டாவது பகுதியைப் பாருங்கள், எந்த வகைக் கையுறை, எந்த முகக்கவசம் என்று அங்கே இருக்கும். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, பாதுகாப்புக்காகத் தர வேண்டிய பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு வசூலிக்கக் கூடாது. கொடுத்ததை அணிவது தொழிலாளியின் கடமை. 2024 ஜூன் முதல், உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பினால், முதலாளி அதைச் சரிசெய்யாதபோது அங்கிருந்து விலகிக்கொள்ளும் உரிமையும் சட்டத்தில் இருக்கிறது.

உங்கள் வீட்டில் ரசாயனத்தோடு வேலை செய்பவர் யாராவது இருந்தால், இந்த வாரம் சாப்பாட்டு மேசையில் இரண்டு கேள்வி கேளுங்கள். “உனக்குக் கொடுத்த கையுறை என்ன வகை? அந்தத் தாளை யாராவது உனக்குக் காட்டினார்களா?” பதில் தெரியவில்லை என்றால், திங்கட்கிழமை மேலாளரிடம் அவர் கேட்கட்டும்.